சம்பளத்தோடு பக்கத்தொழில்: உத்தேச லாபமா, கணக்கெழுதிய லாபமா?

சம்பளத்துக்கான வரியை அலுவலகமே பிடித்துவிடும். பக்கத்தொழிலில் வரும் பணத்துக்கு நாம்தான் கணக்குக் காட்ட வேண்டும். அதற்கு இரண்டு வழிகள். வரவில் ஒரு பங்கை லாபமாக வைத்துக்கொள்வது உத்தேச முறை. செலவுக்கெல்லாம் பில் சேர்த்து நிஜ லாபத்தைக் காட்டுவது மற்றது. (இங்குள்ள எண்கள் 2025-26 நிதியாண்டுக்கானவை, 1961 வருமானவரிச் சட்டப்படி. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய சட்டத்தில் பிரிவு எண்கள் மாறிவிட்டன.)

மென்பொருள், பொறியியல், கட்டட வடிவமைப்பு போன்ற பட்டியலிட்ட தொழில்களுக்கு உத்தேச முறை 44ஏடிஏ பிரிவில். மொத்த வரவில் குறைந்தது 50%-ஐ லாபமாகக் காட்ட வேண்டும். கழிவெல்லாம் போகப் புதிய வரிமுறையில் வரிக்குரிய சம்பளம் 18 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஒரே வாடிக்கையாளரிடமிருந்து மென்பொருள் வேலைக்கு 3 லட்சம் வருகிறது. உத்தேச லாபம் 1.5 லட்சம், 20% அடுக்கில் 30,000, செஸ் (வரிமேல் போடும் கூடுதல் வரி) சேர்த்து 31,200. வாடிக்கையாளர் பணம் தரும்போதே பிடிக்கும் வரியான டிடிஎஸ்ஸாக 10%, அதாவது 30,000 ஏற்கெனவே பிடித்திருப்பார். பாக்கி 1,200 ரூபாய்தான்.

இதே ஆள் கணக்கெழுதினால்? நிஜச் செலவு 40,000 மட்டும் என்றால் லாபம் 2.6 லட்சம். இதில் 60,000 ரூபாய் 25% அடுக்குக்குள் போய்விடுகிறது. வரி 57,200. செலவு குறைந்த அறிவுத்தொழிலுக்கு உத்தேச முறைதான் லாபம், இதில் பெரிய யோசனை தேவையில்லை.

பொருள் விற்பவருக்குத்தான் யோசனை. வியாபாரத்துக்கான உத்தேசப் பிரிவு 44ஏடி. அதில் வங்கி, யுபிஐ வழி வரவில் 6%, ரொக்கத்தில் 8% லாபமாகக் கொள்ளப்படும். வீட்டில் கேக் செய்து விற்பவருக்கு இது வரம். வாங்கி விற்று 3% கூட நிற்காதவருக்கோ இல்லாத லாபத்துக்கு வரி. அவர் கணக்கெழுதலாம், ஆனால் நஷ்டம் வந்தாலும் அதைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. கெடுவுக்குள் ரிட்டர்ன் போட்டால் 8 ஆண்டுவரை அடுத்த தொழில் லாபத்தில் கழிக்கலாம். 44ஏடி-க்குள் நுழைந்து ஐந்தாண்டுக்குள் வெளியே வந்தால் அடுத்த ஐந்தாண்டு திரும்ப முடியாது. சம்பளத்தால் மொத்த வருமானம் வரிவிலக்கு வரம்பைத் தாண்டியிருக்கும் என்பதால் அப்போது தணிக்கையும் தலையில் விழும். 44ஏடிஏ-வில் இந்த ஐந்தாண்டுப் பூட்டு இல்லை. கமிஷன் வாங்கும் முகவர்களுக்கு 44ஏடி கிடையவே கிடையாது.

டிடிஎஸ் போக 10,000 ரூபாயோ அதற்கு மேலோ பாக்கி இருந்தால் முன்கூட்டிய வரி, அதாவது நிதியாண்டு முடியும் முன்பே கட்ட வேண்டியது. உத்தேச முறையில் மார்ச் 15-க்குள் ஒரே தவணை. கணக்கெழுதுபவருக்கு நான்கு: ஜூன் 15-இல் 15%, செப்டம்பரில் 45%, டிசம்பரில் 75%, மார்ச்சில் முழுதும். தவறினால் மாதம் 1% வட்டி. தேதி நினைவில் நிற்காதவர்கள் இந்த வருமானத்தை அலுவலகத்திலேயே தெரிவித்து, சம்பளத்திலேயே சேர்த்துப் பிடிக்கச் சொல்லலாம். சட்டம் இடம் தருகிறது. வேலை ஒப்பந்தம் வெளிவேலைக்கு இடம் தருகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கணக்கு சரியாக இருந்தும் சிக்குவது சின்ன விஷயங்களில். வங்கியில் விழுந்த 2.7 லட்சத்தில் பாதியை லாபமாகப் போடுவார்கள். டிடிஎஸ் சேர்ந்த 3 லட்சம்தான் மொத்த வரவு, வரித்துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கையான ஏஐஎஸ்ஸில் அதுதான் இருக்கும். வரி கட்டும் செலானில் மதிப்பீட்டு ஆண்டு (நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) 2026-27 என்று தேர்ந்தெடுக்காமல் 2025-26-ஐ அழுத்திவிட்டால், கட்டிய பணம் வேறு ஆண்டில் போய் உட்காரும். முன்கூட்டிய வரிக்குக் குறியீடு 100. 300 என்பது ரிட்டர்னுக்கு முன் கட்டும் பாக்கிக்கு. தொழில் வருமானம் வந்துவிட்டால் ஐடிஆர்-1 ரிட்டர்ன் படிவம் செல்லாது. உத்தேச முறைக்கு ஐடிஆர்-4, ஆனால் அதே ஆண்டில் பங்கு விற்றுக் குறுகிய கால லாபம் வந்திருந்தால் ஐடிஆர்-3.