லண்டன் சட்ட மையம் ஒன்றில் எட்டு வாரப் பயிற்சி

சென்னையில் சட்டம் படிக்கும் நான், கிழக்கு லண்டனில் உள்ள ஒரு சட்ட மையத்தில் எட்டு வாரம் பயிற்சி பெற்றேன். கட்டணமின்றி ஆலோசனை தரும் இத்தகைய மையங்களில் முதலாவது, 1970இல் வடக்கு கென்சிங்டனில், முன்பு இறைச்சிக் கடையாக இருந்த இடத்தில் தொடங்கப்பட்டது. நான் இருந்த மையமும் கடைத்தெருவிலேயே இருப்பதால், வழக்கறிஞர் அலுவலகப் படியேறத் தயங்குகிறவர்கள்கூட இங்கே கூச்சமின்றி வந்து அமர்கிறார்கள்.

ஆலோசனையின் தரத்தில் எனக்குக் குறையே இல்லை. வந்தவர் சொல்லி முடிக்கும் வரை குறுக்கிடாமல் கேட்ட பிறகே, என் மேற்பார்வையாளர் காகிதங்களைக் கையில் வாங்குவார்.

மையத்தின் கைகளைக் கட்டிப்போடுவது, 2013 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்ட உதவிச் சட்டம்தான். நலத்தொகை, கடன் தொடர்பான பெரும்பாலான வழக்குகளை அது அரசு உதவியிலிருந்து நீக்கிவிட்டது. குறைந்த வருமானத்தினருக்கு அரசு தரும் ‘யுனிவர்சல் கிரெடிட்’ என்னும் நலத்தொகை நிறுத்தப்பட்டு வாடகை பாக்கி விழத் தொடங்கியபோதே ஒரு தாய் எங்களிடம் வந்தார். அந்த முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய அவருக்கு அரசுச் செலவில் வழக்கறிஞர் கிடையாது. ஆனால், வீட்டைக் காலி செய்யக் கோரும் நோட்டீஸ் வந்துவிட்டால், 2023 ஆகஸ்டில் தொடங்கிய ஒரு திட்டத்தின்கீழ், வருமானம் பாராமல் நலத்தொகை குறித்தும் ஆலோசனை கிடைக்கும், விசாரணை நாளில் வழக்கறிஞரும் கிடைப்பார். வீடு பறிபோகும் கட்டம் வரை ஒருவரைக் காக்க வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்தியாவில் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பெண் என்றாலே வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. அதை அறியாத பெண்கள் நம் ஊரில் எத்தனையோ பேர் என்பதையும் அங்கேதான் நினைத்துக்கொண்டேன்.

மையம் தானே சரிசெய்யக்கூடிய குறைகள் இரண்டு. தொலைபேசி வாரத்தில் இரண்டு காலைப்பொழுதுகள் மட்டுமே எடுக்கப்படுகிறது. மொழிபெயர்ப்பாளர் வராத ஒரு நாளில், அந்தத் தாயின் பத்து வயது மகனே வாடகை பாக்கிக் கணக்கை அவருக்கு வங்க மொழியில் விளக்க வேண்டியதாயிற்று. அச்சிறுவன் அங்கே உட்கார்ந்திருக்கவே கூடாது.

பயிற்சிக்கு உதவித்தொகை இல்லை. லண்டனில் தங்க உறவினர் வீடு இருந்ததால் எனக்கு முடிந்தது. அது இல்லாத மாணவர்கள் செலவை முதலில் கணக்கிட்டுக்கொண்டு விண்ணப்பியுங்கள். வங்கமோ உருதுவோ தெரிந்தவர்கள் கட்டாயம் விண்ணப்பியுங்கள்.