புளூமிங்டன்–நார்மலில் வாடகைக்கு வீடு எடுப்போர் கவனத்திற்கு

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் உள்ள புளூமிங்டன்–நார்மல் இரட்டை நகரத்துக்கு வேலை நிமித்தம் குடிபெயரும் தமிழ்க் குடும்பங்கள், அபார்ட்மென்ட் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன் படித்துவிட வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். நாங்கள் குடியிருந்த வளாகத்தை நிர்வகிக்கும் நிறுவனம், வாடகைக்கு மேல் மாதந்தோறும் வசூலித்த தொகைகளிலும், காலி செய்தபோது டெபாசிட்டில் பிடித்தம் செய்த விதத்திலும் எங்களுக்குச் செய்தது அப்பட்டமான அநியாயம்.

ஸ்டேட் ஃபார்ம் காப்பீட்டு நிறுவனத்தின் தலைமையகம் புளூமிங்டனில் இருப்பதால், ஒப்பந்த ஊழியர்களாக நம்மவர்கள் பல ஆண்டுகளாக இங்கு வந்து போகிறார்கள். நார்மலில் மிட்சுபிஷி கைவிட்டுப் போன கார் ஆலையில் ரிவியன் நிறுவனம் 2021இல் உற்பத்தியைத் தொடங்கிய பின், ஊருக்கு வந்து சேர்ந்த ஆட்களுக்கு ஈடாக வீடுகள் பெருகவில்லை. அதனால் சென்னையிலிருந்தோ டாலஸிலிருந்தோ கிளம்பும் முன்பே, வீட்டை நேரில் பாராமல் இணையத்தில் பேசி முடிக்க வேண்டிய நெருக்கடி பலருக்கும் ஏற்படுகிறது. அந்த நெருக்கடியைத்தான் இத்தகைய நிறுவனங்கள் காசாக்குகின்றன.

எங்களிடம் சொல்லப்பட்ட வாடகை 1,095 டாலர். முதல் மாத பில்லே 1,260 டாலரைத் தாண்டியது. குப்பை அள்ளுவதற்கு, பூச்சி மருந்துக்கு, கார் நிறுத்துவதற்கு என்று தனித்தனியாகச் சேர்த்திருந்தார்கள். அவையாவது ஒப்பந்தத்தின் ஏதோ ஒரு பக்கத்தில் இருந்தன. எரிவாயுக் கட்டணத்துக்கு அந்த ஆதாரமும் இல்லை. ஹீட்டருக்கும் வெந்நீருக்கும் கட்டடம் முழுவதற்கும் ஒரே மீட்டர் என்பதால், வரும் பில்லை எல்லா வீடுகளுக்கும் பங்கிடுவதாகச் சொன்னார்கள். ஆனால் ஹீட்டரே ஓடாத ஜூலை மாதத்தில், நாங்கள் ஊருக்குப் போய் வீடு பூட்டிக் கிடந்த நேரத்திலும், உறைபனிக் காலமான ஜனவரிக்கு நிகரான தொகையே வந்தது. எந்தக் கணக்கில் பங்கிடுகிறீர்கள் என்று லீசிங் ஆபீஸில் கேட்டபோது, கம்ப்யூட்டர் போடும் கணக்கு என்பதற்கு மேல் ஒரு வார்த்தையும் வரவில்லை. இல்லினாய் சட்டம் இதை அனுமதிப்பதில்லை. பொது மீட்டர் பில்லைப் பங்கிடும் உரிமையாளர் அந்தக் கணக்கீட்டு முறையை எழுத்து மூலம் தர வேண்டும். ஓராண்டில் கட்டடத்தில் உள்ள அனைவரிடமும் வசூலிக்கும் மொத்தம் உண்மையான பில்லைத் தாண்டக் கூடாது. கேட்டால் பில்லின் நகலையும் தர வேண்டும்.

டெபாசிட் விஷயம் இதைவிட மோசம். முழுத் தொகையும் வந்துவிடும் என்று, காலி செய்த எங்களிடமிருந்து சாவியைத் திரும்ப வாங்கும்போது வாய்மொழியாகச் சொன்னவர்கள், பின்னர் கார்பெட் மாற்றியதற்கு 780 டாலரும் துப்புரவுக்கு 185 டாலரும் கழித்துக்கொண்டு மீதிக்குக் காசோலை அனுப்பினார்கள். ஆதாரமாக இணைத்திருந்த புகைப்படத்தில் கறை படிந்த கார்பெட்டுக்குப் பின்னால் பால்கனிக் கம்பித் தடுப்பு தெளிவாகத் தெரிந்தது. நாங்கள் இருந்ததோ பால்கனியே இல்லாத தரைத்தள வீடு. யாரோ குடியிருந்த வீட்டின் கறைக்கு எங்களிடம் பணம் பறித்திருக்கிறார்கள் என்பதைப் பார்த்தபோது என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகள் உள்ள கட்டடமாக இருந்தால், சேதத்துக்காகப் பிடித்தம் செய்ய விரும்பும் உரிமையாளர், நாம் காலி செய்த 30 நாட்களுக்குள் ஒவ்வொரு சேதத்தையும் அதற்கான செலவையும் பட்டியலிட்டு அனுப்ப வேண்டும் என்கிறது இல்லினாய் சட்டம். செலவானதற்கான ரசீதுகளையும் காட்டியாக வேண்டும். பட்டியல் அனுப்பாவிட்டால் 45 நாட்களுக்குள் முழு டெபாசிட்டையும் திருப்பித் தர வேண்டும். கெட்ட எண்ணத்தோடு இதை மீறியதாக நீதிமன்றம் கண்டால், டெபாசிட்டைப் போல் இரு மடங்கும் வழக்குச் செலவும் அவர்கள் கொடுக்க நேரிடும். பல வருடம் குடியிருந்த வீட்டில் இயல்பாகத் தேய்ந்துபோனவற்றுக்குக் குடியிருந்தவர் பொறுப்பாக மாட்டார்.

இந்த விதிகளைக் குறிப்பிட்டு, குடியேறிய அன்றே எடுத்து மின்னஞ்சலில் அனுப்பியிருந்த வீடியோவையும் சுட்டிக்காட்டிப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பிய பிறகே கார்பெட் பணம் திரும்பி வந்தது. துப்புரவுக்கான ரசீதும் எரிவாயுக் கணக்கும் இன்றுவரை வரவில்லை. புராஜெக்ட் முடிந்ததும் வேறு மாநிலத்துக்குப் போய்விடும் குடும்பம் சில நூறு டாலருக்காக வழக்குப் போடத் திரும்பி வராது என்ற துணிச்சலில்தான் இவர்கள் இப்படிச் செய்கிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம். நாங்கள் சிகாகோ பக்கமே குடிபெயர்ந்திருப்பதால், புளூமிங்டன்–நார்மல் அடங்கிய மக்லீன் கவுண்டி (மாவட்ட) நீதிமன்றத்தில் சிறு வழக்காகத் தாக்கல் செய்யவிருக்கிறோம். 10,000 டாலர் வரையிலான கோரிக்கைகளுக்கு வக்கீல் இல்லாமலே இவ்வழியில் வழக்குத் தொடரலாம். காலி செய்யும்போது புது முகவரியை மறக்காமல் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். முகவரி தெரியவில்லை என்று சாக்குச் சொல்ல அவர்களுக்கு இடம் இருக்கக் கூடாது.

நார்மலில் டியூப்ளெக்ஸ் (இரண்டு வீடுகள் கொண்ட கட்டடம்) போன்ற சிறிய கட்டடங்களைத் தேடுவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஐந்து வீடுகளுக்குக் குறைவான கட்டடங்களுக்கு இந்த 30 நாள் விதி பொருந்தாது. ஆகவே டெபாசிட் எப்போது, எந்தக் கணக்கில் திரும்பும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிய பிறகு முன்பணம் கொடுங்கள்.