முக்திநாத் போறவங்க தயவுசெஞ்சு படிங்க: காத்மாண்டுல ஒரு "ஃபாரினர் கிளினிக்"ல எங்களுக்கு நடந்தது

போன மாசம் அம்மாவ முக்திநாத் கூட்டிட்டுப் போயிருந்தேன். 108 திவ்யதேசத்துல இத சேவிக்கணும்னு அம்மாவுக்குப் பல வருஷ ஆசை. தரிசனம் நல்லபடியா முடிஞ்சு, காத்மாண்டு வந்து, ஊருக்குக் கிளம்ப ரெண்டு நாள் இருக்கறப்ப பசுபதிநாத் போனோம். அங்க பாக்மதி படித்துறை பக்கம் குரங்கு ரொம்ப ஜாஸ்தி. அம்மா கைல இருந்த பிரசாதப் பைய ஒண்ணு புடிச்சு இழுத்துச்சு, அம்மா பதட்டத்துல விடல, வலது முழங்கைக்குக் கீழ கடிச்சிருச்சு. மூணு பல்லு பதிஞ்சு ரத்தம் வழியுது.

ஹோட்டலுக்கு போன் பண்ணேன். ரிசப்ஷன்ல இருந்தவரு "கவர்மென்ட் ஆஸ்பத்திரில நாள் பூரா நிக்கணும், வெளிநாட்டுக்காரங்க எல்லாம் போற நல்ல இடம் இருக்கு, டிரைவர்கிட்ட சொல்லிடறேன்"னாரு. அந்த நேரத்துல வேற எதுவும் தோணல, போயிட்டோம். சுத்தமான இடம், எல்லாரும் இங்கிலீஷ் பேசறாங்க, எங்களுக்கு முன்னாடி ரெண்டு வெள்ளைக்காரங்க உக்காந்திருந்தாங்க. நல்ல இடத்துக்குத்தான் வந்திருக்கோம்னு மனசு கொஞ்சம் ஆறுச்சு.

முதல்ல கேட்டது பாஸ்போர்ட். நாம நேபாளம் போக வோட்டர் ஐடியே போதும், அதத்தான் எடுத்துட்டுப் போயிருந்தோம், அத ஜெராக்ஸ் எடுத்தாங்க. அடுத்து இன்சூரன்ஸ் இருக்கான்னு கேட்டாங்க, இருக்குன்னேன், உடனே ஒரு ஃபார்ம், அப்புறம் இன்னொரு ஃபார்ம், அப்புறம் 500 டாலர் டெபாசிட் கட்டினாத்தான் டாக்டர் பாப்பாருன்னு. இந்தியன் ரூபாய்க்கு நேபாள ரூபாய் 1.60னு எல்லாக் கடையிலயும் கணக்கு, இங்க மட்டும் எல்லாமே டாலர். சரி, காசு போனாப் போகட்டும்னு கார்டத் தேச்சேன். இதுக்கே 40 நிமிஷம் ஆச்சு. இந்த 40 நிமிஷமும் அம்மா கைல கைக்குட்டையச் சுத்திட்டு அப்படியே உக்காந்திருந்தாங்க, ஒருத்தர் கூட வந்து புண்ணக் கழுவல. சோப்புப் போட்டு ஓடற தண்ணில 15 நிமிஷம் கழுவறதுதான் முதல் வைத்தியமே, அது அன்னிக்கு எனக்கும் தெரியாது. ஆனா அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும் இல்லையா?

டாக்டர் வந்து ரெண்டு நிமிஷம் பாத்தாரு. ரத்தம் வந்த கடி, ரேபிஸ், அதான் வெறிநாய்க்கடி நோய், அதுக்கான தடுப்பூசி மட்டும் போதாது, இம்யூனோகுளோபுலினும் (கிருமிய நேரடியா எதிர்க்கற மருந்து) போடணும், அது விலை ஜாஸ்தின்னாரு. இது உண்மைதான், அதுல தப்பு சொல்லல. நர்ஸ் வந்து இடது தோள்ல ஒண்ணு, வலது தோள்ல ஒண்ணு, ரெண்டு ஊசி போட்டாங்க, புண்ணு மேல ஏதோ மருந்து தடவி கட்டு போட்டாங்க, முடிஞ்சுது.

அதுக்கப்புறம்தான் எனக்கு லேசா சந்தேகம் வந்துச்சு. விரல்ல கிளிப் மாட்டி ஆக்ஸிஜன் 94 இருக்கு, முக்திநாத் போயிட்டு வந்திருக்காங்க, ஹை ஆல்டிடியூட் பிரச்சனை, ரெண்டு நாள் அட்மிட் பண்ணணும், இன்சூரன்ஸ்ல வந்துரும்னு ஆரம்பிச்சாங்க. முக்திநாத் 3,700 மீட்டருக்கு மேல, காத்மாண்டு ஏறக்குறைய 1,400 தான். நாங்க இறங்கி வந்து மூணு நாள் ஆச்சு, அம்மாவுக்குத் தலைவலி இல்ல, மூச்சுத் திணறல் இல்ல, காலைல கோயில் பூரா நடந்திருக்காங்க. இறங்கினாலே சரியாப் போற வியாதிக்கு இறங்கினதுக்கு அப்புறம் எதுக்கு பெட்டு? முடியாதுன்னுட்டேன். "ஏதாவது ஆனா நாங்க பொறுப்பில்ல"ன்னு கையெழுத்து வாங்கிட்டுத்தான் விட்டாங்க, அம்மா அன்னிக்கு ராத்திரி பூரா பயத்துல தூங்கல, அதுதான் எனக்கு இன்னும் ஆறல. ஊருக்கு வந்து தேடிப் பாத்தப்பதான் தெரியுது, மலையேற வர்றவங்கள இல்லாத வியாதி சொல்லி ஹெலிகாப்டர்ல ஏத்தி, ஆஸ்பத்திரில படுக்க வச்சு இன்சூரன்ஸ்ல பணம் பாக்கறதப் பத்தி 2018லயே நேபாள அரசாங்கம் விசாரணை நடத்தியிருக்கு. மொத்த பில் 1,140 டாலர். நம்ம காசுல கிட்டத்தட்ட ஒரு லட்சம். அதுல பெரிய தொகை இம்யூனோகுளோபுலின்னு போட்டிருந்துச்சு.

மூணாவது நாள் ஊசிக்கு சென்னைல தெரிஞ்ச டாக்டர்கிட்ட போனோம். அவரு கேட்ட முதல் கேள்வி, "புண்ணுக்குள்ள ஊசி போட்டாங்களாம்மா?" அம்மா "இல்ல தம்பி, தோள்ல மட்டும்தான்"னாங்க. அடுத்து, "உங்க வெயிட் பாத்தாங்களா?" பாக்கல. கேக்கக்கூட இல்ல. அவரு முகம் மாறுனது எனக்கு நல்லாத் தெரிஞ்சுது.

அவரு சொன்னத அப்படியே சொல்றேன், எல்லாரும் தெரிஞ்சுக்கணும். தடுப்பூசி போட்டா உடம்பு எதிர்ப்பு சக்தி உண்டாக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதுவரைக்கும் கடிச்ச இடத்துலயே கிருமியப் புடிச்சு நிறுத்தறதுதான் இம்யூனோகுளோபுலின் வேலை, அதனால அத புண்ணுக்குள்ளயும் சுத்தியும் ஏத்தணும். அளவு எடைய வச்சுதான், மனுஷ ரத்தத்துல இருந்து எடுத்ததுன்னா கிலோவுக்கு 20 யூனிட், குதிரைல இருந்து எடுத்ததுன்னா 40. எடையே கேக்காம எந்தக் கணக்குல போட்டாங்க, இல்ல போடவே இல்லையா? அவங்க கொடுத்த கார்டுல தேதி மட்டும் இருக்கு, மருந்து பேரு இல்ல, பேட்ச் நம்பர் இல்ல, பாட்டில்ல இருக்கற ஸ்டிக்கர ஒட்டல.

டாக்டர் என் கண்ணு முன்னாடியே பில்லுல இருந்த நம்பருக்கு போன் போட்டாரு. எத்தனை மில்லி, என்ன பேட்ச்னு ரெண்டே கேள்விதான். ரெக்கார்ட பாத்து சொல்றோம்னாங்க, திரும்பக் கூப்பிடவே இல்ல. முதல் தடுப்பூசி போட்டு ஏழு நாளைக்குள்ள இம்யூனோகுளோபுலின் போடலாம், எங்களுக்கு இன்னும் நாள் இருந்துச்சு. எல்லாத்தையும் யோசிச்சு, அம்மா எடையப் பாத்து, அன்னிக்கே புண்ணச் சுத்திப் போட்டாரு. அம்மா வலில என் கையப் புடிச்ச புடிய மறக்க முடியாது. நாங்க ஒரு வாரம் ஊர் சுத்திட்டு மெதுவா வந்திருந்தா அந்த நாளும் போயிருக்கும். இந்த நோய் அறிகுறி தெரிய ஆரம்பிச்சா அப்புறம் காப்பாத்த வழியே கிடையாதுங்க. அந்த வியாதில போயி இப்படி ஏமாத்தறாங்கன்னா என்ன சொல்றது.

காத்மாண்டுல ஒழுங்கா நடத்தற டிராவல் கிளினிக்கும் இருக்கு, எல்லாரையும் சொல்லல. டேக்குங்கற இடத்துல சுக்ரராஜ் ஆஸ்பத்திரின்னு அரசாங்க தொற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கு, நாய்க்கடி குரங்குக்கடிக்கு உள்ளூர் ஜனம் போறது அங்கதான், இது எங்களுக்கு ஃபிளைட் ஏறுறப்பதான் தெரிய வந்துச்சு. ஹோட்டல்காரரு ஏன் அதச் சொல்லலன்னு இப்ப யோசிச்சா எனக்கு ஒண்ணுதான் தோணுது, ஆனா ஆதாரம் இல்லாம சொல்லக் கூடாது. உங்களுக்கு இப்படி ஆச்சுன்னா முதல்ல பக்கத்துக் கடைல ஒரு சோப்பு வாங்கி அங்கயே கழுவுங்க, இன்சூரன்ஸ் கம்பெனியோட 24 மணி நேர நம்பருக்கு நீங்களே கூப்பிட்டு எங்க போகலாம்னு கேளுங்க, மருந்து பாட்டில உங்க முன்னாடி உடைக்கச் சொல்லுங்க, எடை கேக்கலன்னா ஏன்னு கேளுங்க, கார்டுல ஸ்டிக்கர் ஒட்டாம வெளிய வராதீங்க. சண்டை போடறவங்கன்னு நினைச்சாலும் பரவால்ல.

அம்மாவுக்கு 14வது நாள் ஊசி போட்டாச்சு, 28வது நாளுது வர்ற வியாழக்கிழமை. புண்ணு ஆறிருச்சு. கிளினிக்குக்கு மூணு மெயில் போட்டேன், மருந்தோட பேட்ச் நம்பர் மட்டும் கேட்டு, ஒண்ணுக்கும் பதில் இல்ல. அது இல்லாம பணம் தர முடியாதுன்னு இன்சூரன்ஸ்ல நிறுத்தி வச்சிருக்காங்க. இந்த மாதிரி வெளிநாட்டு கிளினிக்ல இருந்து ரெக்கார்டு வாங்கின அனுபவம் யாருக்காவது இருந்தா எப்படின்னு சொல்லுங்க.