ரோகித் அடித்தது தப்பா, எட்டாம் இடம் காலியாக இருந்தது தப்பா?

கிருஷ்ணகிரி பக்கம் டீக்கடையில் ஆஸ்திரேலியாவிடம் நாம் தோற்ற 2023 உலகக் கோப்பை இறுதிப் போட்டியைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் போதும், பேச்சு அந்த மேக்ஸ்வெல் ஓவரில்தான் போய் நிற்கும். ஒரு சிக்ஸ், ஒரு ஃபோர் வந்தாயிற்று. அப்புறமும் ரோகித் இறங்கி வந்து தூக்கினார். ஹெட் பின்னால் ஓடிப் பிடித்தார். 31 பந்தில் 47. “ஓவருக்கு வேண்டிய ரன் வந்தாச்சே, அதற்கு மேல் எதற்கு அண்ணா அந்தப் பொறுப்பில்லாத அடி?” இந்தக் கேள்வி இன்னும் ஓயவில்லை.

எனக்கு அந்த அடியில் வருத்தமில்லை. அவர் போன பிறகு ஆட யார் இருந்தார்கள் என்பதில்தான் வருத்தம். ஒரே ரோகித், ஒரே பாணி, இரண்டு இறுதிப் போட்டிகள்: தோற்ற 2023 அகமதாபாத், ஜெயித்த 2025 துபாய். மாறியது ஆடும் பதினொருவர் பட்டியல்தான்.

அகமதாபாத் பட்டியலில் ஏழாவது ஆளோடு பேட்டிங் முடிந்துவிடும். எட்டிலிருந்து பந்துவீச மட்டுமே தெரிந்த ஷமி, பும்ரா, குல்தீப், சிராஜ். இதில் ஓர் அவசரமும் கலந்திருந்தது: பேட்டிங், பந்துவீச்சு இரண்டும் தெரிந்த ஹர்திக் லீக் சுற்றிலேயே புனேயில் காயப்பட்டு வெளியேறிவிட்டார். முதல் பத்து ஓவரில் 80 ரன். அடுத்த 40 ஓவரில் எத்தனை ஃபோர் தெரியுமா? நான்கு. ராகுல் 107 பந்தில் 66 எடுத்தார். அவரைத் திட்டாதவர் இல்லை. ஆனால் தான் போனால் பேட்டிங் தெரியாத வால் வரிசை வந்துவிடும் என்று தெரிந்தவர் வேறு எப்படி ஆடுவார்? 240 ரன்னில் கதை முடிந்தது. பந்துவீச்சிலும் ஆறாவது ஆள் இல்லை. ஆஸ்திரேலியா 47க்கு 3 என்று தடுமாறியபோது ஐந்து பேரையே திருப்பித் திருப்பிப் போட வேண்டியிருந்தது. ஹெட்டும் லபுஷேனும் 192 ரன் சேர்த்துவிட்டார்கள்.

அதற்காக அந்தப் பட்டியலே மோசம் என்று சொல்ல மாட்டேன். தொடர்ந்து பத்து வெற்றி, ஷமிக்கு ஏழே ஆட்டத்தில் 24 விக்கெட். நன்றாகப் போகும்வரை அதைவிடப் பயங்கரமான அணி இல்லை.

துபாய் சாம்பியன்ஸ் டிராபியில் அக்சர் ஐந்து, ராகுல் ஆறு, ஹர்திக் ஏழு, ஜடேஜா எட்டு. 252 ரன் இலக்கு. ரோகித், கில் முதல் விக்கெட்டுக்கு 105. கோலி ஒரே ரன்னில் போனார். ரோகித்தும் 76 எடுத்து, இறங்கி அடிக்கப் போய் ஸ்டம்பிங். டீக்கடைக் கணக்கில் அதுவும் பொறுப்பில்லாத அடிதான். ஆனால் யாரும் அதைப் பேசுவதில்லை. ஏனென்றால் ஷ்ரேயஸ், அக்சர், ராகுல், ஹர்திக் என்று வரிசையாக ஆள் இருந்தார்கள். வெற்றி ரன்னை எட்டாவதாக வந்த ஜடேஜா அடித்தார்.

நம் பக்கத்து டென்னிஸ் பால் மேட்ச் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த வித்தியாசம் சட்டென்று பிடிபடாது. எட்டு ஓவர் என்றால் 48 பந்து, பத்து விக்கெட். ஐந்து பந்துக்கு ஒருவர் அவுட் ஆனாலும் கணக்கு சரி. ஒருநாள் ஆட்டத்தில் ஒரு விக்கெட் 30 பந்துக்குத் தாங்க வேண்டும். ரோகித்தே அப்படி ஆடியவர்தான். 2013இல் ஓசூரைத் தாண்டினால் வந்துவிடும் சின்னசாமி மைதானத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 209 எடுத்தாரே, அதில் முதல் நூறுக்கு 114 பந்து. மிச்சம் 109க்கு 44 பந்து!

சரி, எட்டு வரை பேட்டிங் வைத்துவிட்டால் கவலை தீர்ந்ததா? அதற்கும் ஒரு விலை உண்டு. துபாயில் பிட்ச் மந்தம், நான்கு சுழல் பந்துவீச்சாளர்களை வைத்துச் சமாளிக்க முடிந்தது. எட்டு வரை பேட்டிங் என்ற அதே யோசனையை 2025 அக்டோபரில் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோனார்கள். அக்சர், வாஷிங்டன், நிதிஷ் மூவரும் உள்ளே, குல்தீப் வெளியே. பெர்த், அடிலெய்டு இரண்டிலும் தோல்வி. அடிலெய்டில் 264 எடுத்தும் காப்பாற்ற முடியவில்லை. நடு ஓவரில் விக்கெட் எடுக்கும் ஆள் வெளியே உட்கார்ந்திருந்தார். தொடர் கைவிட்டுப் போன பிறகு சிட்னியில் குல்தீப் வந்தார், ஜெயித்தோம். அவரால் மட்டும் ஜெயித்தோம் என்று சொல்ல வரவில்லை, ரோகித்தின் சதமும் இருந்தது. ஆனாலும் வாஷிங்டன் நம்ம ஊர்க்காரர் என்பதற்காகக் குல்தீப்பின் இடத்தைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

2027 உலகக் கோப்பை ஆட்டங்களில் பெரும்பாலானவை தென்னாப்பிரிக்காவில். அங்கே துபாய் மாதிரி நான்கு சுழலை இறக்க முடியாது. இரண்டு முனைக்கும் தனித்தனிப் பந்து என்பது போய், 34 ஓவருக்குப் பிறகு ஒரே பந்துதான் என்ற புது விதியும் வந்துவிட்டது. பழைய பந்தை அடிக்க, ஏற்கெனவே களத்தில் நின்று பழகியவர் வேண்டும். ஹர்திக் உடம்பு ஒத்துழைத்தால் நான் துபாய் பட்டியல் பக்கம்தான்: எட்டில் ஓர் ஆல்ரவுண்டர், ஒன்பதில் குல்தீப். ஹர்திக் இல்லாவிட்டால் குல்தீப்பைத் தூக்கிவிட்டு இன்னொரு அரை பேட்ஸ்மேனைச் சேர்க்க வேண்டாம். ஓப்பனர்களிடம் பத்து ஓவருக்கு 80 வேண்டாம், 60 போதும் என்று சொல்லி அனுப்பலாம்.