அலிகோவுக்கு எந்த சீஸ்? தோம் முதல் மொஸரெல்லா வரை ஓர் ஒப்பீடு

பிரான்ஸின் மலைப்பகுதிகளில் உருளைக்கிழங்கையும் பாலாடைக்கட்டியையும் சேர்த்துச் செய்யும் உணவுகள் பல உண்டு. ஆல்ப்ஸ் மலையை ஒட்டிய சவ்வா வட்டாரத்தின் தார்திஃப்லெத் ரெப்லோஷோன் சீஸைக் கேட்கிறது. அதை விட்டு வேறொரு மென்மையான சீஸைப் போட்டாலும் சுவை சற்று மாறுமே தவிர உணவு கெட்டுப்போகாது. தெற்கு நடுப்பகுதியில் உள்ள ஓப்ராக் பீடபூமியின் அலிகோ அப்படிப்பட்டதல்ல. சூடான உருளைக்கிழங்கு மசியலில் சீஸைக் கலந்து, கரண்டியைத் தூக்கினால் முழ நீளத்துக்கு அறுபடாமல் நீளும் வரை கிண்டி எடுப்பதே அலிகோ. அந்த இழை வராவிட்டால் தட்டில் இருப்பது சீஸ் கலந்த மசியல் மட்டுமே. ஆகவே அலிகோவுக்கு சீஸ் தேடுபவர் முதலில் பார்க்க வேண்டியது சுவையை அல்ல, எவ்வளவு நன்றாக உருகும் என்பதையும் அல்ல, எவ்வளவு நீளும் என்பதையே.

அவேரோன், லோஸேர், காந்தால் ஆகிய மூன்று மாவட்டங்கள் சந்திக்கும் இந்தப் பீடபூமி வழியாகத்தான் ஸ்பெயினின் சந்தியாகோ தே கொம்போஸ்தெலாவுக்குச் செல்லும் யாத்திரைப் பாதைகளுள் ஒன்று செல்கிறது. ஓப்ராக் மடத்துத் துறவிகள் யாத்திரிகர்களுக்கு ரொட்டியையும் புதிய சீஸையும் சேர்த்துச் சமைத்துக் கொடுத்ததே அலிகோவின் தொடக்கம் என்று அப்பகுதியினர் சொல்வார்கள். ரொட்டியின் இடத்துக்கு உருளைக்கிழங்கு வந்தது பின்னாளில்தான். கோடையில் மாடுகளை மேட்டுப் புல்வெளிக்கு ஓட்டிச்சென்று, பூரோன் எனப்படும் கல்குடில்களில் தங்கிப் பால் கறந்து சீஸ் செய்தவர்களின் அன்றாட உணவாகவும் இது இருந்தது. அவர்கள் கையில் எப்போதும் இருந்த பொருள், இன்னும் சீஸாக முழுமை பெறாத தோம் ஃப்ரேஷ்.

தோம் என்பது என்ன என்பதைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாவற்றையும் அதனோடு ஒப்பிடுவது எளிது. பாலைத் திரியவைக்கும் நொதியான ரென்னட் கொண்டு உறையவைத்து, உறைந்ததை வெட்டி, நீரை வடித்து, அழுத்தி, திரும்பத் திரும்ப வெட்டித் திருப்பி அழுத்துவார்கள். பிறகு அந்தக் கட்டியைப் பல மணிநேரம் புளிக்க விடுவார்கள். இந்த நிலையில் இருப்பதுதான் தோம். இதை அரைத்து, உப்பிட்டு, அச்சில் மீண்டும் அழுத்திப் பல மாதங்கள் முதிரவைத்தால் ஓப்ராக்கில் அது லாயோல் சீஸ் ஆகிறது. சற்று வடக்கே ஓவேர்ன் மலைகளில் காந்தால் சீஸ் ஆகிறது. அதாவது தோமில் உப்பும் இல்லை, முதிர்ச்சியும் இல்லை. வெட்டினால் வெளிர்மஞ்சளாக, சற்றே ரப்பர்த் தன்மையோடு, சிறு துளைகளுடன் இருக்கும். புளிக்கத் தொடங்கிய தயிரின் மணம் வரும். வாயிலிட்டுக் கடித்தால் பற்களில் கிறீச்சிடும்.

அது நீள்வதற்குக் காரணம் அந்தப் புளிப்பே. பாலில் உள்ள கேசீன் என்னும் புரதத் துகள்களைக் கால்சியம் பாஸ்பேட் இறுக்கிப் பிடித்திருக்கிறது. லாக்டிக் அமிலம் பெருகப் பெருக அந்தக் கால்சியத்தில் ஒரு பகுதி கரைந்து வெளியேறி, பிடி தளர்கிறது. அமிலநிலை சுமார் 5.2 பிஎச் அளவை எட்டும்போது, சூடு பட்ட புரத இழைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கினாலும் விட்டுப் பிரியாமல் நீளுகின்றன. புளிப்பு குறைந்தால் கட்டி கட்டியாக நிற்கும், கூடிவிட்டால் உதிரும். மாதக்கணக்கில் முதிர்ந்தாலோ, நொதிகள் அந்த நீண்ட புரதங்களைத் துண்டு துண்டாக்கிவிடுவதால் சீஸ் நன்றாக உருகும், ஆனால் நீளாது.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், பலர் முதலில் கைநீட்டும் லாயோல் சீஸ் அலிகோவுக்குப் பொருந்தாது என்பது விளங்கும். ஊர் ஒன்று, புல்வெளி ஒன்று, பால் ஒன்று. 1961-இலேயே பிறப்பிடப் பாதுகாப்புப் பெற்ற பெருமையும் உண்டு. ஆயினும் குறைந்தது நான்கு மாதம் முதிர்ந்த பின்பே அது விற்பனைக்கு வருகிறது. ரொட்டியோடு தின்ன அதைவிட நல்ல சீஸ் அப்பகுதியில் இல்லை என்றே நான் சொல்வேன். ஆனால் மசியலில் கலந்தால் எண்ணெய் கக்கி, கரகரப்பாகி, அதன் அருமையான மணமும் வீணாகும்.

காந்தாலில் முதிர்ச்சியைப் பொறுத்து வகைகள் உண்டு. இளங்காந்தால் 30 முதல் 60 நாள் வரை முதிர்ந்தது. அது ஓரளவு நீளும், சற்று உப்பும் இருக்கும். எட்டு மாதத்தைக் கடந்த முதிர்காந்தால் நீளவே நீளாது. காந்தால் பகுதியின் தோம், ஓப்ராக் தோமுக்கு நேர்ப் போட்டி. இரண்டின் செய்முறையும் ஏறக்குறைய ஒன்றே. சட்டியில் இரண்டும் ஒன்றுபோலவே நடந்துகொள்ளும். ஓப்ராக்காரர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்றாலும், எது கிடைக்கிறதோ அதை வாங்கலாம் என்பதே என் கருத்து. எந்த ஊர்த் தோம் என்பதைக் காட்டிலும் அது எத்தனை நாள் பழையது என்பதையே கவனிக்க வேண்டும். உறையைப் பிரித்ததும் புளிநெடி கடுமையாக அடித்து, விரலால் அழுத்தினால் பொடிந்தால் அது அலிகோவுக்கான வயதைத் தாண்டிவிட்டது. மீந்த தோமைத் துண்டுகளாக்கி உறைய வைத்துப் பின்னர் பயன்படுத்தலாம். இழை பெரிதாகக் குறையாது.

தோம் கிடைக்காத நாட்டில் இருப்பவருக்குத்தான் உண்மையான தேர்வு தொடங்குகிறது. க்ரூயேர், கோந்தே ஆகிய மலைநாட்டுச் சீஸ்களைப் பரிந்துரைக்கும் செய்முறைகள் ஏராளம். அவற்றின் சுவை உயர்ந்தது. ஆனால் அது கொட்டைப்பருப்பின் இனிப்பு கலந்த சுவை, அலிகோவுக்குரிய பால்புளிப்பு அல்ல. இழையும் குட்டையாக அறுந்துவிடும். எம்மெந்தால் அவற்றைவிடச் சற்று நீளும் என்றாலும், ஆறத் தொடங்கியதும் இழை விறைத்துவிடுகிறது. இம்மூன்றையும் நான் அலிகோவில் சேர்ப்பதில்லை.

மொஸரெல்லாவின் நிலை வேறு. அதுவும் தோமைப் போலவே புளிக்கவிட்ட பால்கட்டியிலிருந்து வருவது. ஏறக்குறைய அதே அமிலநிலையில் அதைச் சுடுநீரில் இழுத்து நீட்டிச் செய்கிறார்கள். எனவே நீளும் தன்மையில் அது தோமின் நெருங்கிய உறவு. தண்ணீரில் மிதக்கும் புதிய உருண்டைகளை வாங்கக் கூடாது. அவை நீரை விட்டு மசியலைத் தளரவைக்கும். பீட்சாவுக்கு விற்கும் ஈரம் குறைந்த வகையை, துருவிய பையாக அல்லாமல் முழுக்கட்டியாக வாங்கி நாமே துருவுவது நல்லது, ஏனெனில் துருவி விற்பவற்றில் ஒட்டாமல் இருக்க மாவுப்பொருள் தூவியிருப்பார்கள். மொஸரெல்லாவின் குறை சுவை ஒன்றே. நீளமான, அழகான, ஆனால் சப்பென்ற அலிகோ கிடைக்கும். அதனால் மூன்று பங்கு மொஸரெல்லாவுக்கு ஒரு பங்கு இளங்காந்தாலோ, இங்கிலாந்தின் லங்காஷயர் சீஸோ, முதிராத செடாரோ சேர்க்கச் சொல்வேன். செடாரும் காந்தாலைப் போலவே கட்டியாக அழுத்திப் புளிக்கவிட்டு, பின்னர் அரைத்து உப்பிடும் மரபைச் சேர்ந்தது என்பதால் சுவை முரண்படாது. கனடாவின் கியூபெக்கில் பூத்தீன் என்னும் உருளைக்கிழங்கு வறுவல் உணவுக்கு விற்கும் புதிய செடார் கட்டிகள் கிடைக்கும் இடத்தில் இருப்பவர்கள், மொஸரெல்லாவை விட்டுவிட்டு அவற்றையே எடுக்கலாம்; பற்களில் கிறீச்சிடும் தன்மை உட்பட, தோமுக்கு அவ்வளவு அண்மையில் வரும் வேறொன்றை நான் அறியேன்.

நம் ஊர்க் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் இரண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பனீர் கொதிக்கும் பாலில் அமிலம் ஊற்றித் திரித்தது. அது உருகவே உருகாது. சதுரத் துண்டுகளாகவும் ஏடுகளாகவும் வரும் பதப்படுத்திய சீஸில் சேர்க்கும் சிட்ரேட், பாஸ்பேட் உப்புகள் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு புரதத்தைக் கரைத்துவிடுவதால், அது குழம்புபோல வழவழப்பாக உருகுமே தவிர இழை தராது. சைவ உணவுக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: மரபுவழித் தோம் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட்டால் உறையவைத்தது. நுண்ணுயிர் ரென்னட் என்று உறையில் குறிப்பிட்டுள்ள மொஸரெல்லா அவர்களுக்கு நல்ல மாற்று.

எந்த சீஸானாலும் கிண்டும் முறை ஒன்றே. ஒரு கிலோ மாவுத்தன்மை மிக்க உருளைக்கிழங்குக்கு 400 கிராம் தோமும், 200 கிராமுக்குக் குறையாமல் க்ரேம் ஃப்ரேஷ் எனப்படும் புளித்த பாலேடும், கொஞ்சம் வெண்ணெயும், நசுக்கிய பூண்டும் போதும். வெந்த கிழங்கைச் சூடாக இருக்கும்போதே கையால் மசிக்க வேண்டும். மிக்ஸியில் போட்டால் மாவுச்சத்து பசையாகிவிடும். மிதமான தீயில், மெல்லிய சீவல்களாக்கிய சீஸைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, மரக்கரண்டியால் ஒரே திசையில் அடியிலிருந்து தூக்கித் தூக்கிக் கிண்ட வேண்டும். முதலில் மசியல் திப்பித் திப்பியாகத் தெரியும். தொடர்ந்து கிண்டக் கிண்ட மேற்பரப்பு பளபளத்து, மொத்தமும் ஒரே திரளாகிச் சட்டியின் பக்கங்களை விட்டு விலகி, கரண்டியோடு எழும். அந்த நொடியில் தீயை அணைத்துவிட வேண்டும். கொதிக்கவிட்டாலோ, அடுப்பிலேயே காத்திருக்க வைத்தாலோ கொழுப்பு பிரிந்து இழை அறும். தோமில் உப்பில்லை என்பதால் மசியலில் தாராளமாக உப்பிடலாம். மொஸரெல்லாவும் செடாரும் கலப்பவர்கள் கடைசியில் சுவைத்துப் பார்த்த பிறகே உப்பைத் தொட வேண்டும்.

கையில் இளங்காந்தால் மட்டும்தான் இருக்கிறது, மொஸரெல்லாவும் இல்லை என்றால், அன்றைக்கு அலிகோவை விட்டுவிட்டு ஓவேர்ன்காரர்களின் த்ருஃபாத்தைச் செய்வதே சரி. அதில் வட்டமாக நறுக்கிய உருளைக்கிழங்கைக் கொழுப்பில் பொன்னிறமாக வதக்கி, இறுதியில் சீஸைப் போட்டு உருக்குவார்கள். அதற்கும் தோமே மரபு. ஆனால் அங்கே சீஸ் கிழங்கைப் பற்றிக்கொண்டால் போதும், முழ நீளம் நீள வேண்டியதில்லை.