பிடுங்குவதா, மூடுவதா, விட்டுவைப்பதா? தோட்டத்துக் களைகளுக்கு எது சரி

களை என்றதும் பலரும் முதலில் கேட்பது, "எதை அடித்தால் சாகும்?" என்றுதான். "இது எப்படிப் பரவுகிறது?" என்று கேட்டால் பாதி வேலை முடிந்துவிடும். விதையால் பரவும் செடிக்குப் பலிக்கும் வழி, கிழங்கால் பரவும் செடிக்குப் பலிக்காது. சில சமயம் நிலைமையை இன்னும் மோசமாக்கிவிடும்.

கோரையையே எடுத்துக்கொள்வோம். இழுத்தால் தாள் மட்டும் கையோடு வரும். மண்ணைக் கிளறிப் பார்த்தால் கறுப்பு நூல்போல மெல்லிய வேர்த்தண்டு ஓடும். அதில் இடைவெளி விட்டு விட்டுக் கிழங்குகள் இருக்கும். தொடரின் நுனிக் கிழங்கு முளைத்து நிற்கும்வரை மற்றவை பெரும்பாலும் உறங்கிக் கிடக்கும். கொத்திலோ இழுப்பிலோ தொடர் அறுந்தால், உறங்கியவையும் முளைவிட ஆரம்பிக்கும். அதனால் கோரை மண்டிய பாத்தியை மண்வெட்டியால் கொத்திப் போடுவதைப் போலத் தவறான வைத்தியம் வேறில்லை. பிளாஸ்டிக் விரிப்பும் இங்கே கைகொடுக்காது, அதன் ஊசிமுளை விரிப்பைத் துளைத்துக்கொண்டு மேலே வந்துவிடும். கிழங்குகளில் பெரும்பகுதி மேல்மண்ணின் 15 சென்டிமீட்டருக்குள்தான் இருக்கும். எனவே ஈர மண்ணைத் தோட்டவேலைக்கான முள்கரண்டியால் நெம்பி, தொடரை முழுசாகத் தூக்குங்கள். பிறகு தலைகாட்டும் முளையை எல்லாம், புதுக் கிழங்கு கட்டுவதற்குள் எடுத்துக்கொண்டே இருங்கள். கோரைக்கு நிழல் ஆகாது. காலியான இடத்தில் தட்டைப்பயறை நெருக்கமாக விதைத்தால் அது பாதிச் சண்டையை உங்களுக்காகப் போடும்.

விதைக் களைகளின் கதை வேறு. இவற்றுக்கு என் முதல் தேர்வு மூடாக்குதான். காய்ந்த இலை, வைக்கோல் எதுவானாலும் 8 முதல் 10 சென்டிமீட்டர் கனத்துக்குப் போட்டால் வெளிச்சம் கிடைக்காமல் சிறு விதைகள் முளைக்காது. செடியின் தண்டை ஒட்டி மட்டும் குவிக்காதீர்கள், அழுகும். ஒளி ஊடுருவும் பாலித்தீனை ஈர மண்மேல் விரித்து, ஓரங்களை மண்ணால் அடைத்து, கடும் வெயிலில் 4 முதல் 6 வாரம் வேகவிடுவது இன்னொரு வழி. மூடாக்கு விதையை அடக்கிவைக்கும், இதுவோ மேல்மண்ணில் உள்ள விதையைக் கொன்றே விடும். ஆனால் காலிப் பாத்திக்குத்தான் சரிப்படும், கோரைக் கிழங்கையும் முழுசாக ஒழிக்காது.

எந்த வழியில் போனாலும் அதன்பின் மண்ணை ஆழமாகக் கிளறாதீர்கள். வில்லியம் பீல் என்ற தாவரவியலாளர் 1879-இல் களைவிதைகளைப் புட்டிகளில் போட்டுப் புதைத்தார். 2021-இல் தோண்டியெடுத்த புட்டியிலும் சில விதைகள் முளைத்தன! அடியில் கிடப்பதை நாமே மேலே கொண்டுவந்து வெளிச்சம் காட்டவேண்டாம்.

களைக்கொல்லிகளில் கிளைபோசேட் இலைவழியே வேருக்கு இறங்கும் என்பது உண்மைதான். ஆனால் உறங்கும் கோரைக் கிழங்குக்கு அது சரியாகப் போய்ச் சேராது, காற்றில் தெறித்தால் பக்கத்துப் பூச்செடியும் போகும். உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் அதை 2ஏ பிரிவில், புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றோடு வைத்தது. சில அரசுக் கண்காணிப்பு அமைப்புகள் அதை ஏற்கவில்லை. அந்த விவாதம் எப்படி முடிந்தாலும், கையெட்டும் அளவு தோட்டத்துக்கு அது தேவையில்லை என்பதே என் கருத்து. உப்பும் வினிகரும் கலந்து தெளிப்பது அதற்கு மாற்றே அல்ல. இலை கருகும், வேர் பிழைக்கும், உப்பு மண்ணிலேயே தங்கிவிடும்.

பார்த்தீனியத்துக்கு மட்டும் காத்திருக்கவே கூடாது. ஒரே செடி பல ஆயிரம் விதை போடும். தோல் அரிப்பும் மூச்சுத் தொல்லையும் தரும். பூக்குமுன், மண் ஈரமாக இருக்கும்போது, கையுறை போட்டு வேரோடு பிடுங்குங்கள்.

தானாகப் பரவும் பூச்செடிகளை இந்தக் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வராது. காசித்தும்பையின் முற்றிய காயைத் தொட்டாலே ஓடு சுருண்டு விதை தெறிக்கும். ஆனாலும் நான்கிலை நாற்றாக இருக்கும்போது இரண்டு விரலால் எடுத்துவிடலாம். நித்திய கல்யாணியும் காஸ்மாஸும் இப்படித்தான். வேண்டிய செடியில் மட்டும் விதை முற்றவிட்டு, மற்றவற்றில் வாடிய பூவைக் கிள்ளினால் போதும். அந்திமந்தாரையை மட்டும் சின்னதிலேயே எடுங்கள், அடியில் கிழங்கு பருத்துவிட்டால் வெட்ட வெட்டத் துளிர்க்கும்.

அழகுக்கென்று வைக்கிற வெடேலியா என்ற படர்கொடியை அறவே தவிர்க்கலாம். மண்ணில் படும் கணுவெல்லாம் வேர்விடும்; உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் அதுவும் உண்ணிச்செடியும் இருக்கின்றன. பிடுங்கிய கொடியை உரக்குழியில் பச்சையாகப் போட்டால் அங்கேயும் வேர்பிடிக்கும், வெயிலில் சருகாகக் காயவையுங்கள். உண்ணிச்செடியின் பழத்தைத் தின்று பறவைகள் விதையைக் கொண்டுபோவதால் வேலி கட்டி அதை அடைக்க முடியாது.

தயக்கம் வருவது வெட்டுக்காயப்பூண்டில்தான். பஞ்சுவிதை காற்றில் பறக்கும், தண்டும் வேரூன்றும். ஆனால் வண்ணத்துப்பூச்சியும் தேனீயும் அதைத் தேடி வருகின்றன. காய்கறிப் பாத்திக்குள் வந்தால் எடுத்துவிடுவேன். நடைபாதை ஓரத்தில் என்றால் பூக்கவிட்டு, பஞ்சு விரிவதற்குள் தலையைக் கத்தரித்துவிடுவேன்.