களிமண்ணா, கார்ப்பெட்டா? ரிமோட் கார் பந்தயத்தின் எழுதாத விதி

1/10 அளவு மின்சார ஆஃப்ரோட் பந்தயத்தின் விதிகள் படிக்கக் கறாராகவே இருக்கும். மோட்டாரின் விசை பின்சக்கரங்களுக்கு மட்டும் போகும் பக்கி (மண், மேடு ஏறி ஓடும் வகைக் கார்) 1499 கிராமுக்குக் குறையக் கூடாது. பேட்டரியை 8.40 வோல்ட்டுக்கு மேல் சார்ஜ் ஏற்றக் கூடாது. ஓட்டம் 5 நிமிடம். சரி, ஆனால் முடிவில் இந்த எண்களைவிடத் தரைக்குத்தான் பங்கு அதிகம். எந்தத் தரை என்பதை முடிவு செய்வது இடத்தேர்வு.

உலகப் போட்டியை ரிமோட் கார் பந்தயத்தின் சர்வதேசக் கூட்டமைப்பான இஃப்மார் வட்டாரம் மாற்றி வட்டாரமாக நடத்துகிறது. 1985-இல் கலிபோர்னியாவின் டெல் மாரில் நடந்த முதல் போட்டி மண்ணில். 2013-இல் அதே மாநிலத்தின் சிக்கோவிலும் மண்தான். 2019-இல் ஸ்லோவாக்கியாவின் ஹூடி அரீனாவில் கூரைக்கு அடியில் கார்ப்பெட். பட்டம் ஒன்றுதான், ஆட்டம் வேறு.

மண் தடம் உயிருள்ளது. காலையில் ஈரம், மதியம் புழுதி, இடையில் டயர் தேய்த்துத் தேய்த்து ஒரு பளபளப்பான கோடு. தளர்ந்த மண்ணுக்கு முள் வைத்த டயர் வேண்டும். இறுகி மெருகேறிய களிமண்ணில் வழவழப்பான ஸ்லிக் ஓடும். பிடிப்பு குறைந்த தரையில் மோட்டாரைப் பின்னால் தள்ளி வைத்தால் பின்சக்கரத்தில் எடை அழுந்தும். கார்ப்பெட்டில் கதை தலைகீழ்: பிடிப்பு தாராளம் என்பதால் மோட்டார் நடுவுக்கு வந்துவிட்டது, டயரோ சின்னச் சின்ன முள் உள்ள மினி பின். அங்கே வழுக்குவதைவிட வளைவில் கார் குப்புறக் கவிழ்வதுதான் தலைவலி. ரிமோட் கார் தயாரிக்கும் எக்ஸ்ரே நிறுவனம் ஒரே காரை மண்ணுக்கு ஒன்று, கார்ப்பெட்டுக்கு ஒன்று என்று இரண்டு பதிப்பாக விற்கிறது. இரண்டிலும் ஓட்ட நினைப்பவரின் பர்ஸ் பாவம்.

தகுதிச் சுற்று விதியும் தரையைப் பார்த்தே அமைய வேண்டும் என்பது என் கட்சி. நாள் முழுவதிலும் யார் வேகமோ அவரே முதல் என்ற பழைய முறை, மண்ணில் அநியாயம். தடம் நன்றாக இருந்த நேரத்தில் ஓடியவருக்கு லாட்டரி. ஒவ்வொரு சுற்றுக்கும் தனித்தனியாகப் புள்ளி தரும் முறை அதை ஓரளவு சரிசெய்கிறது. ஓரளவுதான், ஏனென்றால் ஒரு சுற்றில் ஓட்டுநர்கள் குழு குழுவாக ஓடுவார்கள்; முதல் குழுவுக்கும் கடைசிக் குழுவுக்கும் தரை மாறிவிடும். அதனால்தான் சம வேகக்காரர்களை ஒரே குழுவில் போடுகிறார்கள். கார்ப்பெட்டில் இந்தச் சிக்கல் குறைவு. அங்கே பழைய முறையே போதும்.

எல்லோருக்கும் ஒரே டயர் என்ற விதியும் கார்ப்பெட்டுக்குத்தான் ஒத்துவரும். மண்ணில் அதைப் போட்டால், காலையில் பொருந்திய டயர் மாலையில் எல்லோரையும் சேர்த்துச் சறுக்கவிடும். டயரை அவரவர் விருப்பத்துக்கு விட்டாலோ, பெரிய டயர் பெட்டியோடு வருபவர் பாதி ஜெயித்துவிடுவார்.

பார்க்க அழகு மண்தான், சந்தேகமே இல்லை. ஓட்டுநரின் விரல் நுனித் திறமை தெரிவதும் அங்கேதான். ஆனால் புதிதாக ஒரு கிளப் தொடங்குபவர் கேட்டால், கார்ப்பெட் என்றுதான் சொல்வேன். தண்ணீர் தெளித்து, இறுக்கி, மேட்டைச் சீராக்க ஆள் வேண்டாம். வாடகை மண்டபத்தில் காலையில் விரித்து மாலையில் சுருட்டிவிடலாம். ஒரு மினி பின் ஜோடி பல வாரம் தாங்கும். அப்புறம், வீட்டுக்குப் போய் பேரிங்கிலிருந்து புழுதியைக் கழுவிக்கொண்டு உட்கார வேண்டியதும் இல்லை.